நாற்பது நிமிடமும் ஓர் இரும்புக் கம்பியும்

நானும் என் கணவரும் பதினொரு வருடமாக ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். என்ன, ஒரே நேரத்தில் படுப்பதில்லை. நான் காலை ஐந்தரைக்கு எழுந்து போர்வையை மடித்து வைப்பேன். எட்டு மணிக்கு அவர் அதே போர்வையைப் பிரித்துப் போர்த்திக்கொள்வார். மாலையில் அவர் எழுந்து போன இடத்தில் இரவு நான் படுப்பேன். தலையணையில் அவர் தலை வைத்த பள்ளம் அப்படியே இருக்கும். அதைத் தட்டிச் சரிசெய்ய எனக்கு மனசு வராது. நாற்பத்திரண்டு வயதில் இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நிலையத்தில் அவருக்கு வேலை. அங்கே மோட்டார் ஓடுவது இரவில் மட்டும்தான். இரவு எட்டு முதல் காலை ஆறு வரை அவரும் இன்னொருவரும் காவல். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரின் அழுத்தத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மேல்தொட்டி நிறைந்தால் ஒரு வால்வை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டும். மோட்டார் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, அங்கே வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தொண்டை பெருத்துவிட்டது. என் கணவர் உப்பு கேட்டால் மூன்றாவது வீட்டில் உப்பு எடுத்து வைப்பார்கள். "இன்னிக்கு நீ அழகா இருக்க" என்று எப்போதோ ஒரு நாள் சொன்னார். மாடி வீட்டு அம்மா மறுநாள் படியில் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இப்படிப்பட்ட மனிதரிடம் ரகசியம் என்று ஒன்று இருக்க முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று விற்பதில்லை; உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பது என் பொறுப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, லென்ஸின் நடுப்புள்ளியைக் குறித்து, ஃபிரேமின் அளவுக்கு ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துவேன். நடுப்புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டவருக்குத் தலைவலி வந்துவிடும். பதினாறு வருடத்தில் என் கையால் தேய்த்தது திரும்பி வந்தது நான்கே நான்கு தடவை. பீற்றிக்கொள்ளவில்லை. பின்னால் வரப்போகிற விஷயத்துக்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

காலை ஆறு ஐம்பதுக்கு அவருடைய கம்பெனி வேன் தெருமுனையில் இறக்கிவிடும். ஏழரைக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் நாற்பது நிமிடம். எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் அதற்குள்தான். டீ, மகளின் விடுதிக் கட்டணம், கசிகிற குழாய், அக்கம்பக்கத்து வம்பு, சண்டை, சமாதானம் எல்லாவற்றுக்கும் அந்த நாற்பது நிமிடம்தான் கணக்கு. சண்டையை ஏழு இருபதுக்குமேல் ஆரம்பிக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். பாதியில் விட்டுப் போனால் நாள் முழுக்க லென்ஸில் அவர் முகம்தான் தெரியும்.

மாலையில் நான் திரும்புவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். என் பஸ்ஸும் அவர் வேனும் பாலத்தின் மேல் எதிரெதிரே கடக்கும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வருகிற எல்லாப் பஸ்ஸுக்கும் கையைக் காட்டுவார், எதில் நான் இருக்கிறேன் என்று தெரியாமல். ஒரு நாள் முழுக்க யாரோ கையைக் காட்டியதை நினைத்துக்கொண்டிருப்பது கல்லூரிப் பெண் செய்கிற வேலை. நான் செய்தேன்.

ஞாயிறு இரவு விடுமுறை உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அவர் உடம்புக்கு இரவு என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. பத்து மணிக்கு எனக்குக் கண் சொருகும். அவர் அப்போதுதான் சுறுசுறுப்பாக ஃபேனைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நடுநிசியில் பாத்திரம் கழுவுவார். காலையில் பார்த்தால் வீடு பளபளவென்று இருக்கும். எனக்குப் பளபளப்பு வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் தூங்கினால் போதும். எங்கள் மகள் முதல் வகுப்பில் படிக்கும்போது, "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்ட ஆசிரியையிடம், "தூங்குற வேலை" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் கண்டது அதைத்தான்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணி ஆகியும் அவர் வரவில்லை. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. ஏழே கால். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஏழு இருபத்தாறுக்கு வேர்த்து ஒழுக வந்து நின்றார்.

"எங்க போயிருந்தீங்க?"

"ஜிம்முக்கு!" என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"எதுக்குங்க?"

"உடம்புக்கு நல்லதாம்!"

"இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன திடீர்னு?"

"தொப்பை போடுதும்மா!" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். பெரிய தொப்பை ஒன்றும் இல்லை. ஆனால் என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பிறகுதான் முழுக்கதையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு மாதமாகவே போய்க்கொண்டிருந்தாராம். முதலில் நான் கடைக்குப் போன பிறகு எட்டு மணிக்குப் போயிருக்கிறார். எடை தூக்கிவிட்டு வந்து படுத்தால் உடம்பு சூடேறிக் கிடக்கிறது, பதினொரு மணிவரை கண் மூடவில்லை. தூக்கம் குறைந்து குறைந்து, ஒரு இரவு அழுத்தம் பார்க்கும் இடத்திலேயே தலை சாய்ந்துவிட்டது. கூட இருந்தவர் பார்த்துத் தட்டி எழுப்பியிருக்கிறார். மாலையில் போகலாம் என்றால் அந்த ஜிம் மாலையில் பெண்களுக்கு மட்டும். ஆகவே வேனிலிருந்து நேரே ஜிம், எட்டுக்குள் படுக்கை. வாரத்தில் மூன்று நாள். செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு இரவு ஓய்வெடுத்த உடம்பு என்பதால் செவ்வாய்க்கிழமை கனமான எடை. சனிக்கிழமை ஐந்து இரவு முடிந்த களைப்பு என்பதால் லேசான எடை. ராத்திரி மூன்று மணிக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். நள்ளிரவுக்குமேல் டீ கிடையாது. இவ்வளவு திட்டம் போட்டு அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை, எங்கள் கல்யாணத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாற்பது நிமிடம் போயிற்று. பாதிக்குப் பாதி. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என் முகத்தைப் பார்க்க அவர் அங்கே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? எனக்குச் சக்களத்தி வந்திருக்கிறாள், அவள் பெயர் இரும்புக் கம்பி, எடை இருபது கிலோ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என் நாத்தனார் மட்டும் நம்பத் தயாராக இருந்தார், வேறு மாதிரி. போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த வயசுல ஆம்பளைங்க திடீர்னு உடம்பை ஏத்துறாங்கன்னா சும்மா இல்லம்மா. என் தம்பிதான், இருந்தாலும் சொல்றேன். அந்த ஜிம்மை நடத்துறது ஒரு பொம்பளையாமே?" என்றார்.

நம்பவில்லைதான். ஆனாலும் ஒரு சனிக்கிழமை கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு அங்கே போய்ப் பார்த்தேன். முன்பு டயர் கடையாக இருந்த கொட்டகை. இன்னும் ரப்பர் வாசனை போகவில்லை. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அறுபது வயது, கிராப்பு வெட்டிய நரைமுடி, கழுத்தில் விசில். என் கணவரை, "முதுகு, முதுகு! கூன் போடாதே!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். இவரும் பள்ளிப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தார். நாத்தனாருக்குப் போன் செய்து, கவலைப்பட ஒன்றும் இல்லை, உங்கள் தம்பிக்குத் திட்டு வாங்க இன்னொரு இடம் கிடைத்திருக்கிறது என்றேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கதவோரம் நின்று பார்த்தபோது, அவர் கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நின்றார். முகம் சிவந்து, தாடை இறுகி, கண் எங்கோ தூரத்தில் எதையோ பார்த்தபடி. அந்தப் பார்வையைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்தது. இப்போது எதைப் பார்த்து அப்படி ஏங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பொறாமையாக இருந்தது. அவர் என்னைப் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.

ஆறு மாதம் ஓடியது. சட்டை தோளில் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு புதன்கிழமை காலை டீ குடிக்கும்போது, "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலைல ஒரு வேலை இருக்கு. ஒரு நாள் லீவு எழுதிக் கொடும்மா" என்றார்.

அவருடைய விடுப்புப் படிவங்களை எழுதுவது எப்போதும் நான்தான். அவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அலுவலகத்தில் ஒரு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

"என்ன வேலை?"

"ஒரு ஃப்ரெண்டு வீட்டு விசேஷம்."

எந்த நண்பர் என்றேன். உனக்குத் தெரியாது என்றார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தணிந்திருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். ஜிம்முக்கு நேரம் இருக்கிறது, ஊர் பேர் தெரியாத நண்பர் வீட்டுக்கு விடுப்பு இருக்கிறது, எனக்காக ஒரே ஒரு இரவு விடுப்பு கேட்டிருக்கிறாரா இந்த மனிதர்? படிவத்தை எடுத்து, பேனாவை அழுத்தி, வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டு நீட்டினேன். பத்து மணிநேரம் விழித்த கண்ணோடு அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

இரவு வேலை பார்ப்பவர் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே இதன் விபரீதம் புரியும். வியாழக்கிழமை இரவு எட்டுக்குத் தொடங்கி வெள்ளிக்கிழமை காலை ஆறுக்கு முடிகிற வேலை, ஆவணத்தில் வியாழக்கிழமை வேலை. வெள்ளி காலை சும்மா இருக்க வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குத்தான் விடுப்பு எழுத வேண்டும். இது எனக்குத் தெரியாததா? பதினொரு வருடத்தில் எத்தனை படிவம் எழுதியிருப்பேன், ஒரு தடவையும் தவறியதில்லை. அன்றைக்குக் கோபத்தில் ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். நடுப்புள்ளி தள்ளிப்போயிற்று. அப்போது எனக்கு அது தெரியவே தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுக்கு வரவில்லை. நேரே விசேஷத்துக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். வியாழன் இரவு அவர் வேலைக்குப் போனதே எனக்கு உறைக்கவில்லை. வழக்கம்போல நான் வருமுன் போயிருந்தார், அவ்வளவுதான். காலையில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து, குளித்து, கடைக்குப் போய்விட்டேன்.

மாலை ஏழே காலுக்குக் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் விளக்கு எரிகிறது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"வேலைக்குப் போகலையா?"

"இன்னிக்கு லீவு" என்றார்.

குரல் மெதுவாக வந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். விசேஷத்துக்குக் காலையில் போய்விட்டு இரவும் எனக்காக விடுப்பு வைத்திருக்கிறார் என்று என் மனம் தானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை இரவு, வீட்டில், என்னோடு! நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாகப் பறந்தேன். நல்ல புடவை மாற்றிக்கொண்டேன். அவர் டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "அந்தக் கம்பியைக் கட்டிக்கிட்டு அழுங்க! கையைப் பாருங்க, டம்ளரைத் தூக்கத் துப்பில்லை!" என்று கேலி செய்தேன். அவர் சிரித்தார்.

அன்றிரவு ஒன்பது மணிக்கே இருவரும் படுத்தோம். அவர் ஃபேனைக் கழற்றவில்லை, பாத்திரம் கழுவவில்லை. தலை சாய்த்த உடனே தூங்கிப்போனார். நான் அவர் கையை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, இரவில், என் பக்கத்தில், ஒரு ஆள் மூச்சு விட்டுத் தூங்குகிறார். தூங்கி வீணாக்க மனசில்லாமல் ரொம்ப நேரம் விழித்துக் கிடந்து கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவரோடு வேலை செய்கிறவர் என் கடைக்கு வந்தார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சத்தக்காரர். பம்பு நிலையத்திலேயே பெரிய தொண்டை அவருடையதுதான். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம். குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்து, கடை அதிர, "தங்கச்சி! அவன் எப்படி இருக்கான்? கை தேவலையா?" என்றார்.

வாடிக்கையாளர் ஐந்தாறு பேர் திரும்பினார்கள். நான் வெளியே வந்தேன். "எந்தக் கை அண்ணே?"

"என்ன இப்படிக் கேக்குற? சொல்லலையா அவன்? வியாழக்கிழமை ராத்திரி பெரிய வால்வு இறுகிக்கிச்சு! நாலு மணி இருக்கும். என்னால முடியாது, எனக்கு வயித்துல தையல். அவன் ஒருத்தனே ஒரு மணிநேரம் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் தொறந்தான். இல்லேன்னா ஊருக்கே காலைல சொட்டுத் தண்ணி கிடையாது! காலைல பரீட்சையை வெச்சுக்கிட்டு ஏண்டா இப்படின்னு கேட்டேன்!"

"என்ன பரீட்சை?"

சத்தக்காரர் அப்போதுதான் ஏதோ பிசகு என்று புரிந்து நிறுத்தப் பார்த்தார். நான் விடவில்லை. கடை முதலாளி, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், எல்லோரும் கேட்க அவர் சொன்னார். அவருக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது, பாவம்.

பகலில் அங்கே பழுது பார்க்கும் குழு ஒன்று வேலை செய்கிறது. காலை எட்டு முதல் மாலை ஐந்து. இரவு ஆள் பகலுக்கு மாற வேண்டுமானால் அந்தக் குழுவில் சேர்வது ஒன்றுதான் வழி. வருடத்துக்கு ஒரு தடவை உடல்தகுதிச் சோதனை வைப்பார்கள். ஐம்பது கிலோ மணல் மூட்டையைத் தோளில் போட்டு நாற்பது மீட்டர் நடக்க வேண்டும், நடுவில் இறக்கக் கூடாது. பிறகு இறுகிய வால்வு ஒன்றைக் கையால் திறக்க வேண்டும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. போன வருடம் என் கணவர் பாதியில் மூட்டையைப் போட்டுவிட்டார். அதன் பிறகுதான் ஜிம். இந்த வருடச் சோதனை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு.

"லீவு போட்டுட்டேன், நல்லாத் தூங்கிட்டுப் போவேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். வியாழக்கிழமை வந்து போர்டைப் பார்த்தா அவன் பேரு இருக்கு. லீவு மறுநாளைக்குன்னு எழுதியிருக்காம். மாத்து ஆளு கிடையாது, போட்டுட்டும் போக முடியாது. முப்பத்தஞ்சு மீட்டர் போயிட்டான் தங்கச்சி! அஞ்சு மீட்டர்தான் பாக்கி! கை விட்டுடுச்சு!"

அடுத்த சோதனைக்குள் என் கணவருக்கு நாற்பத்தாறு ஆகிவிடும்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பகல் ஒரு மணிக்கு என் தெருவையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. படுக்கையறைக் கதவை மெல்லத் திறந்தேன். வெளிச்சம் வராமல் ஜன்னலில் கறுப்புத் துணி; அன்றிரவு வேலை என்பதால் அவர் மறுபடி படுத்திருந்தார். பகலில் அவரை எழுப்பக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மகளைக்கூட அடித்திருக்கிறேன் அதற்காக. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். போர்வைக்கு வெளியே இரண்டு கையும் கிடந்தன. உள்ளங்கையில் சக்கரம் பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. முந்தின இரவு அந்தக் கையைத்தான் இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு முனகல்கூட முனகவில்லை.

என்னை அறியாமல் விசும்பிவிட்டேன் போலிருக்கிறது. அவர் பதறி எழுந்தார். "என்னாச்சு! யாருக்கு என்ன?"

"அந்தத் தேதியை நான்தான் தப்பா எழுதினேன்" என்றேன்.

தலையணையில் சாய்ந்துகொண்டார். "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை ராத்திரி. போர்டைப் பார்த்ததும்."

"அப்ப ஏன் என்னைத் திட்டல? வீட்டுக்கு வந்ததும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கலாம்னுதான் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு." அவர் கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுக்கப்புறம் எப்படிக் கேக்குறது?"

"பரீட்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒழுங்கா எழுதியிருப்பேனே. என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

"போன வருஷம் தோத்துட்டு வந்தப்ப, நல்லவேளை இவகிட்ட சொல்லலைன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா ரெண்டு பேருமில்ல ஏமாந்திருப்போம். இந்தத் தடவை வேலை கிடைச்சதும் ஒரு நாள் சாயங்காலம் உன் கடை வாசல்ல வந்து நிக்கலாம்னு இருந்தேன். சேர்ந்து பஸ்ல வரலாம்னு."

இவ்வளவையும் அவர் மெதுவாகச் சொன்னார். மாடி வீட்டு அம்மாவுக்கு ஒரு எழுத்தும் கேட்டிருக்காது. அவருக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த இருட்டறையில் உட்கார்ந்து அழுதோம். அவர் நாற்பத்தைந்தாவது வயதில், நான் நாற்பத்திரண்டாவது வயதில், பட்டப்பகலில்.

அதற்குப் பிறகு அவர் ஜிம்முக்குப் போகவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆறு ஐம்பதுக்கு டாண் என்று வந்து நின்றார். என் நாற்பது நிமிடம் முழுசாக எனக்குத் திரும்பக் கிடைத்தது. டீ குடித்தோம். கசிகிற குழாயைப் பற்றிப் பேசினோம். நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார், கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தும் ஆள் இல்லாத மாதிரி இருந்தது. ஆறு மாதமாகக் கம்பியோடு மல்லுக்கு நின்றாரே, வேர்த்து ஒழுகி வாசலில் வந்து நின்றாரே, அந்த மனிதரைத் தேடி என் மனசு அடித்துக்கொண்டது. சக்களத்தியைத் திரும்ப அழைத்து வர நானே கிளம்பினேன்.

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நோட்டைப் புரட்டிக் காட்டினார். என் கணவர் தூக்கிய எடைகள் ஆறு மாதத்துக்கும் தேதிவாரியாக இருந்தன. முதல் நாள் இருபத்தைந்து கிலோ. கடைசி நாள் எழுபது. "இவ்வளவு தூக்கினவர் நிறுத்தினா மூணு மாசத்துல எல்லாம் போயிடும்மா. அந்த வால்வு இனிமே இறுகாதுன்னு யாராவது எழுதிக் கொடுத்திருக்காங்களா? இன்னும் பதிமூணு வருஷம் திருப்பணும்" என்றார்.

"காலைல ஆம்பளைங்க நேரம். நான் கூட வரலாமா?"

"பின்னால நிக்கிறதுக்கு ஆள் தேவை. அதுல ஆம்பள பொம்பள கணக்கு எனக்குக் கிடையாது. விசிலடிச்சா மட்டும் கோவிச்சுக்கக் கூடாது."

அடுத்த செவ்வாய் நான் ஐந்து மணிக்கு எழுந்து, பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு, கடைக்குப் போகிற புடவையோடு பழைய டயர் கொட்டகைக்குப் போகிற வழியில், எங்கள் தெருவுக்கு முந்தின வேன் நிறுத்தத்தில் நின்றேன். வேன் வந்தது. அவர் ஜன்னலில் என்னைப் பார்த்தார். எதிரே போகிற பஸ்ஸுக்கெல்லாம் கையைக் காட்டுகிறவர், நான் எதிரிலேயே நிற்கும்போது கையைக் காட்ட மறந்துவிட்டார்.

"இங்க என்ன பண்ற!" என்று கத்தினார். பழைய குரல். வேனில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

"இறங்குங்க. ஜிம்முக்கு நேரமாகுது."

"இனிமே எதுக்கும்மா?"

"எனக்கு" என்றேன். வேறு காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறங்கி வந்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் எங்கள் நாற்பது நிமிடம் அங்கே நடக்கிறது. முதல் பத்து நிமிடம் அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், இரவு முழுக்க விழித்தவர் வந்தவுடன் எடையைத் தொடக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். பிறகு அவர் மல்லாந்து படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவார். நான் அவர் தலைமாட்டில் நிற்பேன், கம்பிக்குக் கீழே இரண்டு கையையும் நீட்டி. தொடக் கூடாது. அவர் கை விட்டால் மட்டும் பிடிக்க வேண்டும். அவரால் முடியும்போது நான் தொட்டால் டீச்சர் விசில் ஊதுவார். பகல் வேலைக்கு இனி வழி இல்லை. கட்டிலில் நான் எழுந்த இடத்தில் அவரும், அவர் எழுந்த இடத்தில் நானும் இன்னும் பதிமூன்று வருடம் படுக்கத்தான் வேண்டும். இதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன வியாழக்கிழமை ஆறாவது தடவை தள்ளும்போது கம்பி பாதியில் நின்றுவிட்டது. முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கண் இந்தத் தடவை தூரத்தில் எதையும் பார்க்கவில்லை, நேரே என்னைத்தான் பார்த்தது. என் கை கம்பிக்கு ஒரு விரல் கீழே. பிடித்துவிடலாமா என்று துடித்தது. பிடிக்கவில்லை. கம்பி மெல்ல மெல்ல மேலே போய்க் கொக்கியில் உட்கார்ந்தது.

மூச்சு வாங்கக் கிடந்தவர், யாருக்கும் கேட்காத குரலில், "மணி என்ன?" என்றார்.

ஏழு பத்து. "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றேன்.